முழுக்கைச் சட்டை

மகனுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். மாமாங்கக் கோயிலில் கொடி ஏறிவிட்டது. கச்சான் காற்று அடிக்கிற அடியில் முற்றத்தில் நிற்க முடியவில்லை. நீ அனுப்பின காசில் கூரை ஓடு மாற்றியாயிற்று. தெருவால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், எனக்குப் பெருமைதான்.

போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசினபோது முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். கட்டார் வெயிலில், அதுவும் அறைக்குள். வலக்கை ஒரு தரமும் படத்துக்குள் வரவில்லை. தண்ணீர்ப் போத்தலை இடக்கையால் தூக்கினாய். அம்மா கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுகா மாமி மகன் சொன்னான், உங்கள் வேலையிடத்தில் காஸ்டிக் சோடாக் கேன் கவிழ்ந்ததாம். மூன்றாம் ஆள் சொல்லியா மனே நான் அறிய வேண்டும்?

காஸ்டிக் பட்டவுடன் பெரிதாக எரியாமலும் இருக்கும். சவர்க்காரம் போல வழுவழுக்கும். ஒன்றுமில்லை என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், அது தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். துடைக்காதே. நனைந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் பிடி. தங்கச்சி அரை மணித்தியாலமாவது கழுவ வேண்டும் என்கிறாள். வினாகிரி ஊற்றச் சொன்னால் கேட்காதே, தண்ணீர்தான். வந்தாறுமூலைக் கம்பஸில் கெமிஸ்ட்ரி படிக்கிறவள்தானே அவள், சொல்லுகிறாள்: ஒவ்வொரு கெமிக்கலுக்கும் 16 பகுதி உள்ள பாதுகாப்புத் தாள் ஒன்று இருக்குமாம். 4 ஆவது முதலுதவி, 6 ஆவது சிந்தினால் செய்வது. கேட்டு வாங்கி வாசி. கண்ணில் பட்டால் இமையை விரித்துக் கழுவு. முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஐஸ் பக்டரியில் அமோனியா வாயு வால்வை நான் பூட்டின கதையை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். அம்மா கலியாண வீடுகளிலும் சொல்லுவாள். அது அப்படி நடக்கவில்லை.

லைன் வெடித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பினதும் முதலில் வெளியே ஓடினது நான். ஓடினது பிழையில்லை. தென்னோலை ஆடுகிறதைப் பார்த்து, காற்று வருகிற பக்கமாகத்தான் ஓடினேன். அங்கே நின்றுகொண்டு, என்னோடு வேலை செய்த பொடியனை 'போய்ப் பூட்டடா' என்று உள்ளே அனுப்பினேன். சாக்குத் துண்டை நனைத்து மூக்கில் கட்டிவிட்டேன், அவ்வளவுதான். முகமூடி ஒன்று இருந்தது, அலுமாரிக்குள். அதன் திறப்பு முதலாளி வீட்டில். பூட்டிவிட்டுத்தான் வந்தான். கண் திறக்க ஏலாமல் சுவரைத் தடவித் தடவி வந்தான். வாசலிலேயே தொட்டி நிறையத் தண்ணீர். அவன் தலையை அதில் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை மனே, வாகனம் தேடி றோட்டுக்கு ஓடினேன். ஒரு கண் போய்விட்டது.

வால்வைப் பூட்டினது நான், அவன் சொல்லாமல் உள்ளே போனான் என்று எழுதின கடதாசியில் கையெழுத்தும் வைத்தேன். அவனுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. எனக்குச் சம்பளம் கூடினது. இப்போதும் சந்தையில் கண்டால் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறான்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று தெரியவில்லை. அம்மா பயப்படுவாள் என்றா, வேலை போய்விடும் என்றா? உன்னை யாரும் உள்ளே போகச் சொன்னார்களா? கடதாசியில் கையெழுத்து வாங்கினார்களா? விளங்காத மொழியில் இருந்தால் வைக்காதே. வைத்துவிட்டாயென்றால் அதையும் சொல்லு, ஏச மாட்டேன். நீ யாரையும் அனுப்பியிருந்தால் அதையும் சொல்லு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் எடு. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு எடு.

அப்பா