எங்கள் 12 பாடங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

குறிப்பெடுப்பது, ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது, மேற்கோள் காட்டுவது, அசைன்மென்ட் எழுதுவது என்று எங்கள் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் தயாரித்த 12 இணையவழிப் பாடங்களும் சென்ற வாரம் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏறிவிட்டன. இந்த வேலைக்குத் துணை நின்றவர்களுக்கு நான் எழுதும் மடல் இது.

முதல் நன்றி, இதற்குக் காரணமான முதுகலை மாணவிக்கு. ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நூலக வாசலில் அழுதுகொண்டிருந்தாள். எழுதியது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 43 விழுக்காடு வந்திருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 விழுக்காடு வரைதான் தண்டனை இல்லை. "தப்பாகிவிடக் கூடாது என்றுதான் மேடம், புத்தகத்தில் இருந்ததில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை" என்றாள். அவள் திருடவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண் என்று பள்ளி நாள் முழுவதும் பழக்கியவர்கள் நாம்தான். தன்னுடைய அந்தப் பக்கத்தையே நான்காம் பாடத்தில் எடுத்துக்காட்டாக வைக்கச் சம்மதித்த அவளுடைய பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

மேற்கோள் காட்டுவது ஏதோ வெளிநாட்டுச் சடங்கு என்று மாணவர்கள் ஒதுங்கியபோது, தமிழ்த்துறைப் பேராசிரியர் தொல்காப்பியத்தைப் பிரித்து 'என்மனார் புலவர்' (என்று சொல்வார்கள் புலவர்கள்) என்ற தொடரைக் காட்டினார். தனக்கு முன்னே சொன்னவர்கள் உண்டு என்று தெரிவித்துவிட்டுத்தான் இலக்கண ஆசிரியரே மேலே செல்கிறார். வேறொருவர் கருத்தை நம் சொற்களில் எழுதுவதற்கு நான் சொல் தேடித் தவித்தபோதும், "பொழிப்புரை என்ற சொல் இருக்கிறதே அம்மா" என்றவர் அவர்தான். பத்தியைப் படி, புத்தகத்தை மூடு, தோழியிடம் வாயால் சொல், பிறகு எழுது, எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார், எங்கிருந்து எடுத்தாய் என்று குறிப்பிடு. இந்தப் பயிற்சி அன்று மாலையே உருவானது.

ஒலிப்பதிவு செய்ய அறை இல்லை. நூலக உதவியாளர் பழைய நாளிதழ்க் கட்டுகள் அடுக்கிய அறையைத் திறந்துவிட்டார். சன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டார், மின்விசிறியை நிறுத்தினார். மே மாதம் முழுவதும் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு முன்பே வந்து சாவியோடு நின்றார். அந்தக் காகிதக் கட்டுகள் எதிரொலியை எப்படி விழுங்கின என்பதைப் பாடங்களைக் கேட்டால் தெரியும்.

இளங்கலைக் கணித மாணவர்கள் ஐவர் ஒவ்வொரு பாடத்தையும் பஸ்ஸில், தங்கள் கைபேசியில் பார்த்துச் சோதித்தார்கள். முதல் காணொளி 38 நிமிடம். "மன்னார்குடியில் ஏறினால் நீடாமங்கலம் வருவதற்குள் முடிய வேண்டும் மேடம். டேட்டாவும் தீரக் கூடாது" என்றார்கள். முழுவதையும் மறுபடி எடுத்தோம். இப்போது எந்தப் பாடமும் எட்டு நிமிடத்தைத் தாண்டாது. ஒலியாக மட்டும் கேட்கவும் எழுத்தாகப் படிக்கவும் வசதி உண்டு. "புரியவில்லை" என்று ஆசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

மூடில், மேற்கோள்களைத் தொகுக்க உதவும் சோட்டிரோ, ஒலியைப் பதிந்து திருத்த உதவும் அடாசிட்டி ஆகிய மென்பொருள்களைக் காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்த, முகம் தெரியாதவர்களுக்கும் எங்கள் வணக்கம். எங்கள் பாடங்களையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம். எந்தக் கல்லூரியும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

அட்டவணையும் வரைபடமும் வாசிக்கும் பாடம் பாக்கி இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் அதே அறையில், அதே ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். சாவி நூலக உதவியாளரிடமே இருக்கும்.

நன்றியுடன்,
பாடக் குழுவின் சார்பில்,
ஓர் ஆசிரியை