மீதி 12

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு முட்டிவலி விட்டபாடில்லை. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டேன். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாயே, பழைய பைத்தியம்தான்: கணக்கு.

ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் அந்த எண்ணையும் சேர்த்துக் கூட்டு. கூடுதலை அதே எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டே போ. 1 முதல் 12 வரை 0, 1, 1, 3, 1, 0, 1, 7, 4, 8, 1, 4 என்று வரும். தறிகெட்டு ஓடுவதுபோல் தெரிந்தாலும் பகா எண்ணுக்கு மீதி எப்போதும் 1. மீதி 0 என்றால் 6, 28, 496 போன்ற செவ்விய எண்கள், அதாவது கூடுதல் சரியாகத் தன் இருமடங்காக உள்ளவை, வரும்; கூடவே 120, 672 போன்றவையும் வந்து நிற்கும்.

என்னைப் பிடித்துக்கொண்டது மீதி 12. அது 30, 42, 66, 78 என்று அடுக்கடுக்காக வருகிறது. எல்லாம் 6-ஐப் பகா எண்ணால் பெருக்கியவை. காரணம் எளிது. 6-இன் காரணிகளின் கூடுதல் 12. 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பகா எண்ணுக்கு அது அந்த எண்ணோடு 1. இரண்டையும் பெருக்கினால் அந்தப் பகா எண்ணின் 6 மடங்கு இரண்டு முறையும் மேலே ஒரு 12-ம் கிடைக்கும். பகா எண்களுக்கு முடிவில்லை, ஆகவே இந்த வரிசைக்கும் முடிவில்லை.

காரணம் தெரிந்ததும் எனக்கு அதில் சுவை குறைந்துவிட்டது. இந்த வழியில் வராமல் மீதி 12 தரும் அழையா விருந்தாளிகள்தான் ரசமானவர்கள்: 24, 54, 121, 304. அதிலும் 304-ஐப் பார்: 16 பெருக்கல் 19, கூடுதல் 31 பெருக்கல் 20, அதாவது 620, 608 போக 12. இன்னும் மேலே 780 இருக்கிறது. அதற்குக் கூடுதல் 2352. மும்மடங்கு போகவும் அதே 12!

மீதி 1 பகா எண்களின் தனிச்சொத்தா என்பதுதான் பெரிய கேள்வி. பகு எண் ஒன்றின் கூடுதல் அதன் இருமடங்கோடு 1 ஆக இருந்தால் அதற்கும் மீதி 1 வந்துவிடும். அப்படி ஓர் எண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை. இருந்தால் அது ஒற்றைப்படை வர்க்க எண்ணாகத்தான் இருக்கும். 1-க்குப் பின் 35 பூஜ்யம் போட்ட எண்ணையும் தாண்டியிருக்கும், குறைந்தது 7 வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்று 1982-இல் ஹேகிஸ், கோஹன் என்ற கணித அறிஞர்கள் நிறுவினார்கள். காகிதமும் பேனாவும் வைத்திருக்கும் நமக்கு அது எட்டாது.

உனக்கு ஒரு வேலை: 6-க்குப் பதில் 28-ஐப் போட்டு என்ன மீதி வருகிறதென்று பார். தை பிறந்ததும் பேத்தியைப் பார்க்க வருகிறேன், அப்போது சொல். தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
சுந்தரம்