மழைப் புத்தகங்களைத் திறந்து வையுங்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் அலுவலகக் கிராணிமார்களுக்கும் வணக்கம். உங்கள் அலுவலக மழைப் பதிவுப் புத்தகங்களிலிருந்து மாதச் சராசரி எடுத்துத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருகிறது என்று செய்தி வந்தால் போதும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம் முதல் சாப்பாட்டுக் கடை வரை இந்த வருசம் காயப்போகிறது என்ற பேச்சுதான். தென்கிழக்காசியா முழுக்கப் பழுப்பாகத் தெரியும் வரைபடம் ஒன்று கைப்பேசிகளில் சுற்றும். அதை நம்பி உரம் போடுவதைத் தள்ளி வைக்கும் சிறுதோட்டக்காரர்கள் பலர்.

பருவ முன்கணிப்பு வரைபடம் இத்தனை மில்லிமீட்டர் பெய்யும் என்று சொல்வதில்லை. நீண்டகாலக் கணக்கைக் குறைவு, வழக்கம், அதிகம் என மூன்று சம பங்காக்கி, எந்தப் பங்குக்கான வாய்ப்பு 33 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று காட்டுகிறது. குறைவுக்கு 45 என்றால், வழக்கமாகவோ அதிகமாகவோ பெய்ய இன்னும் 55 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. எல் நினோ வறட்சியும் சபா, சரவாக்கைத் தாக்குகிற அளவுக்குத் தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பக்கத்தைத் தாக்குவதில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்துவிட்டால் நிலைமை மாறும். 1997-லும் 2019-லும் நம் வானத்தை மூடிய புகைமூட்டத்துக்குப் பின்னால் அதுவும் இருந்தது.

வெப்பநிலையில் குழப்பம் வேறு மாதிரி. 2024-இல் உலகச் சராசரி 1.6 பாகை (டிகிரி செல்சியஸ்) கூடியது என்று ஒரு செய்தி, 0.72 பாகை என்று இன்னொன்று. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் சேவை தந்த இரண்டும் சரியே. முன்னது 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டது, பின்னது 1991–2020 சராசரியோடு. எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாத எண்ணை நம்ப வேண்டாம். சைபீரியாவில் ஒரு மாதம் 3 பாகை கூடுவது சாதாரணம். ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாத நம் வெப்பநிலையில் 1 பாகையே பெரிது. வரைபடத்தில் அது வெளிறிய நிறமாகத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை.

நம் ஊருக்குத் தேவையான ஒப்பீடு உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கிறது. தோட்ட அலுவலகங்கள் தலைமுறை தலைமுறையாக மழையளவை எழுதி வருகின்றன. 1991 முதல் 2020 வரையிலான அந்தப் பக்கங்களிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் தனிச் சராசரி எடுத்துத் தாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆண்டுச் சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நம் பக்கம் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என இரண்டு மழை உச்சம். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாதம் ஏறக்குறைய 150 மி.மீ. தேவை. 300 மி.மீ. பெய்ய வேண்டிய நவம்பரில் 40 விழுக்காடு குறைந்தால் 180 கிடைக்கும், மரத்துக்குக் குறையில்லை. 120 பெய்ய வேண்டிய ஜூனில் அதே 40 விழுக்காடு குறைந்தால் 72தான். ஆகவே விழுக்காட்டோடு மில்லிமீட்டரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

காய்ந்த மாதத்தின் பாதிப்பு அன்றே தெரியாது. செம்பனைப் பூ ஆணா, குலையாகும் பெண்ணா என்பது குலை அறுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிறது. இளம்பூ கருகுவது எட்டுப் பத்து மாதம் கழித்துக் குலைக் குறைவாகத் தெரியும். 2015-இல் ஏறக்குறைய 20 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி, எல் நினோவுக்குப் பின் 2016-இல் 17.3 மில்லியனுக்கு இறங்கியது. மழைக் கணக்கு கையில் இருந்தால், வரப்போகும் வருமானக் குறைவைச் சிறுதோட்டக்காரர் முன்கூட்டியே கணிக்கலாம், கடன் வாங்குமுன் யோசிக்கலாம்.

கணக்கு எடுக்கும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். அளக்காத நாளைப் பூச்சியம் என்று எழுதியிருந்தால் சராசரி கெடும். அது வெற்றிடமாகவே இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு 30 ஆண்டில் 24 ஆண்டாவது முழுப் பதிவு இருந்தால் சராசரி எடுக்கலாம். காலை 8 மணிக்கு அளப்பது முந்தைய நாளின் மழை. 1-ஆம் தேதி அளவை எந்த மாதத்தில் சேர்ப்பது என்பதில் எல்லாத் தோட்டமும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும்.

இரண்டு கோளாறுகள் மிகவும் ஏமாற்றும். 8 அங்குல மழைமானியின் அளவுக் குவளை உடைந்து, 5 அங்குல மானியின் குவளையை மாற்றி வைத்தால், காட்டும் அளவு உண்மையைப் போல 2.56 மடங்கு. இன்னொன்று மறுநடவு. கன்று நட்டபோது திறந்த வெளியில் இருந்த மானியைப் பத்துப் பன்னிரண்டு வருசத்தில் மட்டைகள் சூழ்ந்துகொள்ளும். மழை குறையாமலே புத்தகத்தில் குறையும். அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்திலாவது மானி நிற்க வேண்டும். இடம் மாற்றியிருந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். புனலில் இலை அடைத்திருக்கிறதா என்றும் அன்றாடம் பாருங்கள்.

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் பழக்குலை நிறுக்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். போன மாத மழை, அந்த மாதத்தின் 30 ஆண்டுச் சராசரி, வித்தியாசம் மி.மீ.-இலும் விழுக்காட்டிலும், மழை நாள் எத்தனை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம், மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. ஒரே நாளில் 80 மி.மீ. கொட்டினால் ஒரு நாள் வெட்டுப் போகும், அதுவே எட்டு விடியலில் பிரிந்து பெய்தால் எட்டு நாள் போகும். பக்கத்திலேயே வெயில் கணக்கும் வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து 35 பாகை தொட்டால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை தருகிறது. அன்று உரம் போடும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்ற ஆள் வேண்டுமென்றால் எங்களில் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அலுவலகத்திலேயே உட்கார்ந்து செய்வார்கள், புத்தகம் வெளியே போகாது. ஒரு சனிக்கிழமை குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களும் பால் வெட்டுத் தொழிலாளர்களும்