உன் வீட்டுக்கு வர முடியாது

அன்புள்ள சுந்தரம்,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள்.

மணிக்கு அக்கா கொடுத்த மஜ்ஜை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிறகு அவளுடைய அணுக்களே அவன் தோலையும் குடலையும் தாக்கத் தொடங்கின. மாம்பழச் சண்டையை அவள் இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது! அதை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கூடவே அவன் உடம்பின் எதிர்ப்பும் அடங்கிவிட்டது. காய்ச்சல் எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியவில்லை. சிடி ஸ்கேனில் பார்த்தால் நுரையீரலில் வெள்ளையாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி மங்கலான வளையம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையாம்.

புற்றுநோய்க்குத்தானே நாம் எல்லோரும் பயந்தோம்? இதுவோ மட்கிய இலையிலும் தொட்டி மண்ணிலும் சுவர்த் தூசியிலும் இருப்பது. இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ள அதன் வித்துகளை நீயும் நானும் தினமும் சுவாசிக்கிறோம். நம் உடம்பு சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. மணியின் உடம்பில் அது இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைக்கிறது. இரத்தம் போகாத இடம் செத்துவிடுகிறது.

வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஏறுகிறது. உடம்பின் எதிர்ப்பை அடக்க அவன் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை அது இரத்தத்தில் கூட்டிவிடுமாம், அதனால் அந்த மாத்திரையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். முதல் நாள் மருந்து ஏறியதும், சுவரில் நிறங்கள் ஓடுகின்றன என்றான். நான் பதறிப்போனேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே, அது மருந்தின் குணம், சற்று நேரத்தில் போய்விடும் என்றார். "டிக்கெட் இல்லாத சினிமா, நீயும் பார்" என்கிறான் இவன்.

2002இல் வெளிவந்த ஆய்வில், பன்னிரண்டு வார முடிவில் இந்த மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் உயிரோடிருந்தார்கள். பழைய பூஞ்சை மருந்தான ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 58 பேர். டாக்டர் தைரியம் சொல்லத்தான் சொன்னார். இரவில் எனக்கு மீதி இருபத்தொன்பது பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள், சுந்தரம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் உன் வீட்டில் வந்து தங்கச் சொல்கிறாய். அதே கடிதத்தில் மாடி கட்டச் சுவர் இடிப்பதாகவும் எழுதுகிறாயே, மகானுபாவா! இடிக்கிற தூசியில்தான் இந்த வித்து ஊரெல்லாம் பறக்கிறது. கமலா கோபித்துக்கொள்ளக் கூடாது. அவள் மல்லிகைத் தொட்டியையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பேசியிருக்கிறேன். வாடகை அநியாயம். சிமெண்டுக்கு வைத்திருப்பதில் கொஞ்சம் அனுப்ப முடியுமா? நம் கணக்கு வாத்தியார் மாதிரி வட்டி போட்டுவிடாதே.

அன்புடன்,
ராகவன்