அந்தக் கண்ணீர் கல்யாணத்துக்காக வந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கும் செய்திக் குழுவினருக்கும்,

வணக்கம். கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சேனலின் பெயரை இங்கே போடவில்லை. எந்த வீடியோவைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் தங்கை எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலர். போன மாதம் அவளைப் பேட்டி எடுத்தீர்கள். அந்த வீடியோவை நீக்குங்கள். அவள் பேசிய நாற்பது நிமிடத்தையும் வெட்டாமல் போடுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கு உங்கள் ஆட்கள் இரண்டு பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தபோது டீ போட்டுக் கொடுத்தவள் நான். திண்ணையில் உட்கார வைத்துத்தான் பேட்டி எடுத்தார்கள். குடிநீர்க் குழாய், எரியாத தெருவிளக்கு, பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்புறம், இலை பறிக்கப் போன வழியில் காட்டுமாடு குத்தி இறந்துபோன எங்கள் ஊர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரோடும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தவள் அவள். அந்த ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி மாடு நின்றாலும் தெரியாது. அந்தப் புதரை வெட்டச் சொல்லி எத்தனை முறை மனு கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு வரும்போதே என் தங்கைக்குக் குரல் உடைந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது உங்கள் பையன் கேட்டான்: "மேடம், ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" அவள் சிரித்துக்கொண்டே, "அது என் சொந்த விஷயம் தம்பி" என்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

வீடியோ ஆறு நிமிடம்தான் வந்தது. அதில் கல்யாணக் கேள்வி வருகிறது, அடுத்த நொடியே அவள் கண்ணைத் துடைக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்ததும் பெண் கவுன்சிலர் கதறி அழுதார் என்று தலைப்பு. சிரித்துக்கொண்டு சொன்ன பதிலைக் காணோம். காட்டுமாடும் இல்லை, புதரும் இல்லை, செத்துப்போனவளும் இல்லை.

இறந்தவளின் மகள் பத்தாவது படிக்கிறாள். அம்மாவைப் பற்றி வரும், பார்த்தால் அதிகாரிகள் யாராவது வருவார்கள் என்று தினமும் பக்கத்து வீட்டுப் போனை வாங்கித் தேடிக்கொண்டிருந்தாள். வீடியோ வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, அம்மாவைப் பத்தி ஒண்ணுமே வரலையே" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அவளுடைய அம்மாவுக்காக வந்த கண்ணீரை எடுத்து நீங்கள் வேறு எதற்கோ வைத்துவிட்டீர்கள்.

என் தங்கை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நானும் இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. அவளைத் தேர்ந்தெடுத்தது வார்டு வேலைக்கு.

இப்படி வெட்டி ஒட்டுவது எங்களுக்கு மட்டும் நடக்கவில்லை என்பதும் தெரியும். இதே கோத்தகிரியில் பிறந்த நடிகை சாய் பல்லவிக்கு 2023இல் நடந்ததைப் பார்த்தோம். படப் பூஜையில் எடுத்த போட்டோவை வெட்டி, இயக்குநரோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று பரப்பினார்கள். மருத்துவம் படித்தவர், சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை வேண்டாம் என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரே அது பூஜைப் படம் என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. மணிப்பூரின் இரோம் ஷர்மிளா ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்துப் பதினாறு வருடம் மூக்குக் குழாயோடு பட்டினி கிடந்தார். 2017இல் கொடைக்கானலுக்கு வந்து கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால், அதற்கும் ஆட்சேபம் சொல்லிச் சார்பதிவாளரிடம் மனு கொடுத்தார்கள். 1962இல் எங்கள் நீலகிரியிலிருந்து அக்கம்மா தேவி என்ற படுகப் பெண் நாடாளுமன்றத்துக்குப் போனார். எங்கள் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நடிகைகளின் கல்யாணச் செய்தி மட்டும் அவர்களுக்குத் தேதியோடு தெரியும். ஏனென்றால் நீங்கள் தினமும் சொல்வது அதைத்தான். எந்த ஆண் கவுன்சிலரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்களா?

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. 2022 தேர்தலில் என் தங்கை ஜெயித்ததைப் பார்த்து, அடுத்த முறை நானும் நிற்கிறேன் என்று சொன்ன ஒரு பெண் எங்கள் தெருவில் இருக்கிறாள். இப்போது அவள் வீட்டில் கூடாது என்கிறார்கள். ஊர் பார்க்க நம் வீட்டுக் கதை வெளியே வர வேண்டாம் என்கிறார் அவள் மாமனார். அவரை நான் என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

2016இல் சானியா மிர்சா டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தபோது, எப்போது குடும்பம், குழந்தை என்று செட்டிலாவீர்கள் என்று ஒரு மூத்த பத்திரிகையாளர் டிவியில் கேட்டார். அவர் சுருக்கென்று பதில் சொன்னார். கேட்டவர் அந்தப் பேட்டியிலேயே மன்னிப்புக் கேட்டார், ஒரு ஆண் விளையாட்டு வீரரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதனால் அவருக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. உங்களுக்கும் குறையாது.

அதனால் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடியோவைத் தயவுசெய்து நீக்குங்கள். நாற்பது நிமிடப் பேட்டியை அப்படியே போடுங்கள். முழுவதும் போட முடியாது என்றால், இறந்தவளைப் பற்றி என் தங்கை பேசிய பகுதியையாவது போடுங்கள், கண்ணைத் துடைக்கும் இடத்தையும் அதற்குரிய இடத்திலேயே வைத்து. அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

புதர் இன்னும் வெட்டவில்லை. நாளைக் காலையும் அதே பாதையில்தான் இலை பறிக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
கவுன்சிலரின் அக்கா,
கோத்தகிரி வட்டம், நீலகிரி