மலைப்பாதைக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுற்றுலாப் பக்கங்களில் வரும் மலைநடைக் கட்டுரைகளில் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் நடக்கப் போகிறவருக்கு என்ன தகவல் கிடைக்கிறது என்று பார்த்தால், ‘அடிவாரத்திலிருந்து 10 கி.மீ., உச்சியில் அருமையான காட்சிமுனை’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வார இறுதியில் பிள்ளைகள் கிளம்பி வந்துவிடுகிறார்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும், கடைசித் தண்ணீர் எங்கே, எந்த மாதங்களில் போகவே கூடாது என்ற நான்கையும் தயவுசெய்து ஒவ்வொரு கட்டுரையோடும் அச்சிடுங்கள்.

ஏற்றத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. நடக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் கூட்ட வேண்டும். அப்படியானால் 10 கி.மீ. தூரத்தில் 1,000 மீட்டர் ஏறும் பாதைக்கு 3 மணி 40 நிமிடம். குளிர்ந்த ஊரில், பழகிய கால்களுக்கு அது சரி. நம் வெயில், முதுகுப்பை, பழக்கமில்லாத கால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதில் பாதியைக் கூட்டினால் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. இறங்க நாலு மணி நேரம் வையுங்கள். காலை 6-க்கு நடையைத் தொடங்குகிறவர் 11.30-க்கு உச்சியில் இருப்பார், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினாலும் 4.30-க்கு அடிவாரம் வந்துவிடலாம். டீ குடித்து, படம் எடுத்து, 8 மணிக்குக் கிளம்புகிற குழுவுக்கு இறக்கம் முடிய மாலை 6.30 ஆகும்.

அந்த 6.30 தேனி மாவட்டத்து மலைகளில் இருட்டு. போடி பக்கத்துச் சரிவுகள் கிழக்கு பார்த்தவை. சூரியன் மேற்கே முகட்டைத் தாண்டியதும், சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சரிவில் பொழுது மசங்கத் தொடங்கும். சோலைக்காட்டுக்குள் இன்னும் சீக்கிரம். நாள்காட்டியில் இருக்கும் அஸ்தமன நேரத்தை நம்பி இறங்கக் கூடாது. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே குழுவில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், இன்னும் கால் மணி நேரம்தான் என்று யார் சொன்னாலும், அந்த நேரம் வந்ததும் திரும்ப வேண்டியதுதான்.

போடி பக்கத்துக் குரங்கணியிலிருந்து, மூணாறு பக்க முகட்டில் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை நல்ல எடுத்துக்காட்டு. மூணாறு தேயிலையைக் கீழே இறக்குவதற்காக உருவான தடம் இது. மூணாறை ஒட்டிய குண்டளப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அது இரண்டடி அகல ரயில்பாதையாக மாறியது. ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்த பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடி பக்கம் இறங்கின. 1924 பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இடைவழியில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலையூரில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அரிசி பருப்பெல்லாம் சுமைக் குதிரையில்தான் மேலே போகிறது. வழிநடைக்கு இது பெரிய உதவி. குதிரைக் குளம்புத் தடமும் லத்தியும் (குதிரைச் சாணம்) தொடர்ந்து தெரிந்தால் நீங்கள் பெரிய பாதையில் இருக்கிறீர்கள். இரண்டு வளைவு தாண்டியும் லத்தி ஒன்றுகூடக் கண்ணில் படாமல், புல் முட்டிக்கு மேல் உரசினால், மாட்டுத்தடத்தில் ஏறிவிட்டீர்கள் என்று பொருள். கடைசியாகத் தடம் தெளிவாக இருந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். குறுக்கே வெட்டிப் பிடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள்.

வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது கிளைத்தடங்கள் வந்து ஒன்றுசேரும், எதில் போனாலும் முகட்டுக்கே கொண்டுபோகும். இறங்கும்போது அதே தடங்கள் விரல் விரித்ததுபோலப் பிரியும். ஒவ்வொன்றும் வேறு பள்ளத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பிப் பார்த்து, இறங்குகிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று மனதில் பதிய வைக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு படமும் பின்பக்கம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சமவெளி தெரியும் முகட்டில் சிக்னல் கிடைக்கலாம், மடிப்புகளுக்குள் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. இத்தனையும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வருவதற்கு ஈடாகாது.

காட்சிமுனைக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதையும் கட்டுரைகள் சொல்வதில்லை. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி வீசும். அதில் உள்ள ஈரம் குளிர்ந்து முகட்டில் மேகமாகும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெள்ளைத்திரைதான் பல நாட்களில் மிச்சம். கீழே வயல்களும் கண்மாய்களும் துலக்கமாகத் தெரிய விடியலே நல்ல நேரம். அதற்கு அனுமதியுள்ள இடத்தில் முதல்நாளே மேலே தங்க வேண்டும். இருட்டில் ஏறுவது யானைக்கும் காட்டுமாட்டுக்கும் எதிரே போய் நிற்பதாகும். மாதம் என்றால் டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்தில் நேரடியாகக் கொட்டும். ஓடைத்தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் மேலே எங்கோ பலத்த மழை. அப்போது கடக்கவே கூடாது. வெள்ளம் வடியும் வரை கரையிலேயே இருக்க வேண்டும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீயின் காலம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆளுயரம் காய்ந்து நிற்கும் புல்வெளியில் தீ எப்படி ஓடும் என்பது மலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெப்பம் மேலே எழுந்து, சரிவில் மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், தீ ஏற்றத்தில் வேகமெடுக்கும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கைக்கணக்கு. மனிதன் ஏற்றத்தில் வேகம் இழப்பான். கீழே புகை கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, வெறும்பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரைக்கோ போக வேண்டும். குறுகலான பள்ளத்தில் இறங்க வேண்டாம். புகைபோக்கி மாதிரி அது தீயை மேலே இழுக்கும். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி உருகாது. ஆனால் தப்பிக்கும் வித்தைகளை நம்பி அந்த மாதங்களில் யாரும் ஏற வேண்டாம். வனத்துறை பாதையை மூடியிருந்தால், பின்வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. பாதித் தண்ணீர் தீரும்போது பாதி வழி தாண்டியிருக்காவிட்டால் அங்கேயே திரும்ப வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடை பளிங்குபோல இருந்தாலும் குடிக்க வேண்டாம். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்து மழையில் அதில்தான் இறங்குகிறது, கொதிக்க வைத்தாலும் போகாது.

புதுச் செருப்பு, புது ஷூ மலைக்கு ஆகாது. இரண்டு வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். கால்நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இறங்கும் முன் கணுக்காலில் நாடாவை இறுக்கிக் கட்டினால் விரல் முன்னே போய் முட்டி நகம் கறுக்காது. மூங்கில் கம்பு, பிடித்து நிற்கும்போது முழங்கை செங்கோணமாக மடியும் உயரம் இருக்கட்டும். அட்டைக்கு உப்பும் புகையிலைத்தூளும் போதும்.

விளிம்பில் நின்று படம் எடுப்பதைப் பற்றியும் கட்டாயம் எழுதுங்கள். பாறைக்கு அப்பால் நீளும் புல்லுக்கு அடியில் மண் இருக்காது. காலையில் பனி படிந்த பாசி எண்ணெய் தடவியது போல வழுக்கும். எட்டிப் பார்க்க நினைப்பவர் விளிம்புக்கு ஓர் ஆள் நீளம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், நின்றபடி பின்னால் நகரவே கூடாது. கொடைக்கானல் வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம். அதில் இல்லாத பாதை என்றால், திறந்திருக்கிறதா என்று அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் கட்டுரையில் போடாதீர்கள். 112, 108 எண்களோடு, கூப்பிடுகிறவர் முதலில் சொல்ல வேண்டியதையும் அச்சிடுங்கள்: கைப்பேசி காட்டும் அட்சரேகை–தீர்க்கரேகை எண்கள், எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், அடிபட்டவரால் நடக்க முடியுமா முடியாதா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேனி மாவட்டம்.