வருஷப் பணம் வாங்கிவிட்டு லிமிட்டைக் குறைக்கலாமா?

ஆசிரியருக்கு,

பிராட்பேண்டில் எஃப்.யு.பி. வரம்பு, அதாவது மாதம் இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்பது என்று வைப்பதே அநியாயம் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. ஒரே லைனைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும்போது ஒருத்தர் ராப்பகலாக டவுன்லோடு போட்டால் மற்றவர்களுக்கு வேகம் விழும், சரி. ஆனால் பணம் வாங்கும்போது சொன்ன வரம்பை நடுவில் குறைப்பது என்ன நியாயம்?

இங்கே பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிய பிறகு மாத வரம்பை 500 ஜிபி ஆக்கிவிட்டார்கள். முழு வேகத்தில் ஓடினால் அது சுமார் 11 மணி நேரத்துக்குத்தான் வரும். அப்புறம் 512 கேபிபிஎஸ், அதாவது ஒரு ஜிபி இறங்க நாலு மணி நேரத்துக்கு மேல். 2016-இல் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட உத்தரவுப்படி அதற்குக் கீழே இறக்கக்கூடாது, அவ்வளவுதான் நமக்குப் பாதுகாப்பு. இத்தனைக்கும் 2 எம்பிபிஎஸ்ஸாவது இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று 2023-இல் அரசே சொல்லிவிட்டது!

கேட்டால், "கம்பெனி எப்ப வேணாலும் மாத்தலாம்னு கண்டிஷன்ல இருக்கே சார்" என்கிறார்கள். கண்டிஷனில் இருந்தால் ஆச்சா? ட்ராய் கட்டண விதிப்படி, ஆறு மாதத்துக்கு மேல் வேலிடிட்டி சொல்லி முன்பணம் வாங்கிய பிளானை அந்தக் காலம் முடியும்வரை அப்படியே தந்தாக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வாடிக்கையாளருக்குப் பாதகமான நியாயமில்லாத நிபந்தனையைத் திணிப்பதை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் வழக்குப் போட மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், இணைய இணைப்புக்காக யார் அவ்வளவு தூரம் அலைவார்கள் என்பது கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சேவைக் குறைபாடு என்று மட்டும் சொன்னால் மாவட்ட ஆணையமே போதும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. டெலிகாம் வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. அதற்கு முன் கம்பெனியில் புகார் போட்டு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள், பதில் திருப்தியில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள், இரண்டுக்கும் செலவில்லை. பணம் கட்டும் அன்றே பிளான் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது, அந்தப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

ட்ராய் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாத வரம்பையும் அதற்குப் பிந்தைய வேகத்தையும் பணம் கட்டும் ரசீதிலேயே அச்சிடச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு